அன்னபூர்ணா சுற்று: எங்கே படுப்பது என்கிற கணக்கு

கோவை, 2024 அக்டோபர் 27

சித்தப்பாவுக்கு முக்திநாத் போக வேண்டும். எனக்கு அன்னபூர்ணா மலைத்தொடரைச் சுற்றி நடக்க வேண்டும். இரண்டும் ஒரே பாதையில்தான் இருக்கின்றன என்று தெரிந்த நாளிலிருந்து வீட்டில் வேறு பேச்சில்லை.

108 திவ்ய தேசங்களில் பூமியில் இருப்பவை 106. அதில் இந்தியாவுக்கு வெளியே இருப்பது நேபாளத்தின் திருச்சாளக்கிராமம் ஒன்றுதான். முக்திநாத்தைத்தான் அந்தத் தலமாக வைத்து நம்மூர்க்காரர்கள் சேவிக்கிறார்கள். பெரும்பாலோர் போக்கராவிலிருந்து ஜோம்சோமுக்குச் சின்ன விமானம், அங்கிருந்து ஜீப் என்று போய் வந்துவிடுகிறார்கள். புரட்டாசி சனிக்கிழமை தவறாமல் காரமடை ரங்கநாதர் கோயிலில் நிற்கிற என் சித்தப்பாவுக்கு 61 வயது. "பறந்து போயி எறங்கிக் கும்பிட்டா அது யாத்திரையா கண்ணு?" என்று ஒரே பிடியாக நிற்கிறார். சித்திக்குத்தான் கோபம். "தீபாவளி அன்னைக்கு ஊரை விட்டுப் போறதுக, ஒரு பொட்டப்புள்ளையும் ஒரு கெழவனும்" என்று பாத்திரத்தோடு பேசிக்கொண்டிருக்கிறார்.

சுற்றுப்பாதையில் போன வழியே திரும்புவது கிடையாது. மர்ஸ்யாங்டி ஆற்றுப் பள்ளத்தாக்கில் ஏறி, தொரோங் லா கணவாயைத் தாண்டி, காளி கண்டகி பள்ளத்தாக்கில் இறங்க வேண்டும். கணவாயின் உயரம் 5416 மீட்டர். அதைத் தாண்டிவிட்டால் மனசு மாறி அதே வழியில் திரும்புவது நடக்காத காரியம். அதனால் திட்டம் போட உட்கார்ந்தபோது கிலோமீட்டரை நான் பார்க்கவே இல்லை. ஒவ்வொரு ராத்திரியும் எந்த உயரத்தில் படுக்கிறோம் என்பதை மட்டும் எழுதினேன். உயரத்தில் காற்று குறைவதால் வருகிற உயர நோயைத் தவிர்க்க, 3000 மீட்டருக்கு மேலே போய்விட்டால், ஓர் இரவுக்கும் அடுத்த இரவுக்கும் 500 மீட்டருக்கு மேல் ஏற்றம் இருக்கக் கூடாது, மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஏறாமல் ஓய்வெடுக்க வேண்டும் என்பதுதான் மலை மருத்துவத்தின் அடிப்படை விதி. பகலில் எவ்வளவு உயரம் ஏறினாலும் இறங்கி வந்து படுத்தால் அவ்வளவு கெடுதல் இல்லை.

எந்தப் பக்கமாகச் சுற்றுவது என்பதையும் இதே விதிதான் முடிவு செய்கிறது. முக்திநாத் சுமார் 3750 மீட்டரில் இருக்கிறது. அங்கே படுத்துவிட்டுக் கணவாய் ஏறினால் ஒரே காலையில் 1600 மீட்டருக்கு மேல் ஏற வேண்டும். கிழக்கிலிருந்து வந்தால் கடைசி இரவு தொரோங் பேடியில், 4450 மீட்டரில். மறுநாள் ஏற்றம் ஆயிரத்துக்கும் குறைவு. கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் எல்லோரும் சுற்றுவதன் காரணம் இதுதான். முக்திநாத்தை முதலில் பார்த்துவிட்டு அப்படியே ஏறலாமே என்று சித்தப்பா கேட்டார். காகிதத்தில் படம் போட்டுக் காட்டியதும், "சரி, பெருமாள் கடைசியிலயே இருக்கட்டும்" என்றார்.

இன்னொரு கணக்கு வங்கக் கடலைப் பற்றியது. 2014 அக்டோபர் 12 அன்று ஹுத்ஹுத் புயல் விசாகப்பட்டினத்தில் கரையைக் கடந்தது. அதன் மிச்சம் வடக்கே நகர்ந்து, இரண்டே நாளில் அன்னபூர்ணா பக்கம் பனிப்புயலாகக் கொட்டியது. மலையேற வந்தவர்கள், வழிகாட்டிகள், சுமை தூக்குபவர்கள் என்று குறைந்தது 43 பேர் இறந்தார்கள், அதில் பலர் தொரோங் லாவைச் சுற்றி. மலை ஏறுகிறவர்கள் அண்ணாந்து வானத்தைத்தான் பார்ப்பார்கள். அக்டோபர், நவம்பரில் நம் வானிலை மையத்தின் புயல் அறிக்கையையும் பார்ப்பது நல்லது. போன வாரம்தான் டானா புயல் ஒடிசாவில் கரையேறி ஓய்ந்தது. எந்நேரமும் டிவி முன்னால் இருக்கிற சித்தியிடம் அந்தப் பொறுப்பை ஒப்படைத்திருக்கிறேன். கோபம் பாதி குறைந்த மாதிரி தெரிகிறது.

திட்டத்தில் வேலையே இல்லாத இரண்டு நாட்களை வைத்திருக்கிறேன். உடம்புக்கோ வானிலைக்கோ தேவைப்பட்டால் எடுத்துக்கொள்ள. இந்த இரண்டு நாளைக் காட்டி "திலிச்சோ ஏரியையும் பார்த்துடலாமே" என்று ஆசை காட்டாதவர்கள் கிடையாது. 4919 மீட்டரில் இருக்கிற அழகான ஏரிதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் கையிருப்பை ஏரிக்குக் கொடுத்துவிட்டால் தலைவலிக்கு என்ன கொடுப்பது? திலிச்சோ இந்தத் தடவை கிடையாது.

மற்ற விஷயங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இந்தியர்களுக்கு விசா வேண்டாம், பாஸ்போர்ட்டோ வாக்காளர் அட்டையோ போதும். அன்னபூர்ணா பாதுகாப்புப் பகுதிக்கு அனுமதிச் சீட்டு வேண்டும். மற்ற வெளிநாட்டவருக்கு 3000 நேபாள ரூபாய், இந்தியா உள்ளிட்ட சார்க் நாட்டவருக்கு 1000. நம் 100 ரூபாய்க்கு அவர்களுடைய 160 என்பது நிலையான மாற்று விகிதம், ஆகவே நம் கணக்கில் 625 ரூபாய். வெளிநாட்டவர் வழிகாட்டியோடுதான் போக வேண்டும் என்று 2023இல் ஒரு விதி வந்தது. அது இல்லாவிட்டாலும் சித்தப்பாவோடு தனியாகப் போகிற எண்ணம் எனக்கில்லை. வழிகாட்டி ஒருவர், சுமைக்கு ஒருவர். சுமைக்காரருக்கு எங்கள் இருவர் பொருளும் சேர்த்து 15 கிலோவுக்கு மேல் தரக் கூடாது என்று வீட்டுத் தராசில் நிறுத்துப் பார்த்தோம். சித்தப்பாவின் பையிலிருந்து இரண்டு வேட்டி வெளியே போயின. பருப்புப் பொடி போகவில்லை.

காப்பீடு எடுப்பவர்கள் ஒரு வரியை மட்டும் தேடிப் படியுங்கள்: எத்தனை மீட்டர் உயரம் வரை ஹெலிகாப்டர் மீட்பு உண்டு என்பது. 4000 மீட்டரோடு நின்றுவிடுகிற பாலிசிகளும் மலையேற்றக் காப்பீடு என்ற பெயரில்தான் விற்கின்றன.

உடம்புக்குப் பயிற்சியாக வெள்ளியங்கிரி ஏறினோம். அங்கே அனுமதி பிப்ரவரியிலிருந்து மே வரைதான், அதற்கப்புறம் மருதமலைப் படிகள். முட்டிக்கும் தொடைக்கும் அது போதும். உயரத்துக்கு மட்டும் நம்மூரில் பயிற்சி கிடையாது. தொட்டபெட்டாவே 2637 மீட்டர்தானே.

பேசிசஹர், அக்டோபர் 31

காத்மாண்டுவிலிருந்து டும்ரே வரை பிருத்வி நெடுஞ்சாலை. அகலப்படுத்துகிறோம் என்று தோண்டிப் போட்ட சாலையில் பஸ் ஜன்னலைத் திறந்தால் புழுதி, மூடினால் புழுக்கம். அதைப் பற்றி இதற்குமேல் எழுத ஒன்றுமில்லை.

இன்று நமக்குத் தீபாவளி. இங்கே திஹார் பண்டிகையில் நாய்களுக்கான நாள். பேசிசஹர் கடைத்தெருவில் ஒரு நாய்கூடப் பாக்கியில்லாமல் எல்லாவற்றுக்கும் செண்டுமல்லி மாலை, நெற்றியில் சிவப்புத் திலகம். எங்கள் விடுதி வாசலில் படுத்திருந்த செவலைக்கு இரண்டு மாலை. ஒன்றைப் பாதி தின்றிருந்தது. சித்தி கட்டிக் கொடுத்த தேங்குழல் முறுக்கில் ஒன்றைச் சித்தப்பா உடைத்துப் போட்டார். மூக்கில் ஒட்டியிருந்த குங்குமத்தோடு மோந்து பார்த்துவிட்டு, நிதானமாகத் தின்று, இன்னொன்று கிடைக்குமா என்று அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தது. "நல்ல ஊரு" என்று சித்தப்பா தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

உயரம் 760 மீட்டர். விசிறி ஓடுகிறது.

தாராபானி, நவம்பர் 1

பேசிசஹரிலிருந்து ஜீப். அங்கிருந்தே நடக்கிறவர்களும் உண்டு. 1977இல் மனாங் பக்கம் வெளிநாட்டவருக்குத் திறந்துவிட்ட காலத்தில் இது முழுக்க முழுக்க நடைபாதை. இப்போது மண் சாலை மனாங் வரை போகிறது. கீழ்ப் பகுதியில் நடந்தால் ஜீப் கிளப்பும் தூசியைத்தான் சாப்பிட வேண்டியிருக்கும் என்பதால் இந்தத் துண்டை விட்டுவிட்டோம். பாறையைக் குடைந்து போட்ட சாலை, கீழே ஆறு. சித்தப்பா வழி நெடுக கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்துக்கொண்டு வந்தார்.

சாமே, நவம்பர் 2

நடை தொடங்கியாயிற்று. தனக்யூ தாண்டி திமாங் வரை நல்ல ஏற்றம், அப்புறம் பைன் காட்டுக்குள் சுகமான பாதை. திமாங்கில் பின்னால் திரும்பிப் பார்த்தால் மனஸ்லு, 8163 மீட்டர். ஆற்றோரமாக வெந்நீர் ஊற்று ஒன்று இருக்கிறது. சித்தப்பா முழங்கால் வரை இறக்கி உட்கார்ந்தவரை எழுப்பிக் கூட்டி வருவதற்குள் இருட்டிவிட்டது.

சாமே 2670 மீட்டர். ஆனைமுடி 2695. நாளை காலை டீ குடித்து அரை மணியில், தென்னிந்தியாவில் எவ்வளவு உயரமாக ஏறினாலும் எட்ட முடியாத இடத்துக்குப் போய்விடுவோம்.

மேல் பிசாங், நவம்பர் 3

பிராதாங்கில் பெரிய ஆப்பிள் தோட்டம். அதைத் தாண்டினால் பவுங்டா டண்டா. ஆற்றங்கரையிலிருந்து கிட்டத்தட்ட 1500 மீட்டர் எழும்பி நிற்கிற ஒற்றைப் பாறைச் சரிவு, உள்வாங்கி வளைந்து, வழவழவென்று. மரம் பிடிக்க ஒரு இடுக்கு இல்லை.

பிசாங்கில் கீழ், மேல் என்று இரண்டு ஊர். ஜீப் சாலை கீழ் ஊர் வழியாகப் போகிறது. நாங்கள் மேல் ஊரில் தங்கினோம், 3300 மீட்டர். சாமேயிலிருந்து 600 மீட்டருக்கு மேல் ஏறிவிட்டோம், என் கணக்கில் கொஞ்சம் அதிகம்தான். ஆனால் நடுவில் தங்கினால் நாளைய நடை தாங்காது என்று தெரிந்தே வைத்த இரவு இது. இன்றிலிருந்து உயர நோயைத் தடுக்கிற டயமாக்ஸ் மாத்திரை, 125 மில்லிகிராம், காலையும் மாலையும். ஊரிலேயே டாக்டரிடம் காட்டி, சல்ஃபா மருந்து ஒவ்வாமை இல்லை என்று உறுதி செய்துகொண்டுதான் வாங்கினோம். இந்த மாத்திரை சாப்பிட்டால் விரல் நுனி மரத்துப்போன மாதிரி குறுகுறுக்கும், ராத்திரி நாலு தடவை எழுந்திருக்க வேண்டியிருக்கும். கழிப்பறை எப்போதும் வெளியேதான் இருக்கும், அதுவும் பயண ஏற்பாட்டில் சேர்த்தி.

ஙாவல், நவம்பர் 4

இந்த முழுச் சுற்றில் எதைக் குறைத்தாலும் இந்த ஒரு நாளைக் குறைக்காதீர்கள். கீழே ஆற்றோரமாகச் சமதளச் சாலை இருக்கிறது, அதில் போனால் இன்றே மனாங். மேல் வழியில் பாதி நாள் கூடுதல் உழைப்பு. பாறையிலும் மரத்திலும் சிவப்பு வெள்ளைப் பட்டை அடித்து வழி காட்டியிருக்கிறார்கள்.

ஆற்றுப் பக்கம் இறங்கி, தொங்கு பாலம் தாண்டியதும் கியாரு ஏற்றம் தொடங்குகிறது. சுமார் 400 மீட்டர், ஒரே சரிவில் கொண்டை ஊசி வளைவுகளாக. நிழல் கிடையாது. எங்கள் வழிகாட்டி லம்ஜுங் மாவட்டத்துக் குருங் இனத்து இளைஞர், அதிகம் பேசமாட்டார். சித்தப்பாவுக்கு முன்னால் நடந்து, தன் வேகத்தையே பிரேக்காக வைத்துக்கொண்டார். அவரை முந்தக் கூடாது என்பது மட்டும்தான் ஒப்பந்தம். ஒரு அடி, ஒரு மூச்சு. வெள்ளியங்கிரியில் இளவட்டங்களை முந்திக்கொண்டு ஓடின சித்தப்பாவுக்கு இது பெரிய தண்டனை. இரண்டாவது வளைவில், "இப்படி நடந்தா மார்கழிக்குத்தான் போய்ச் சேருவோம்" என்றார். எட்டாவது வளைவில் ஒன்றும் சொல்லவில்லை.

மேலே கியாரு கிராமம். கல் வீடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிக்கொண்டு, தட்டைக் கூரைகளில் விறகும் வைக்கோலும். ஊர் வாசலில் மணிச் சுவர், மந்திரம் செதுக்கிய கற்களை அடுக்கியது. எதிரே, நடுவில் பள்ளத்தாக்கைத் தவிர எதுவுமே இல்லாமல், அன்னபூர்ணா 2. உயரம் 7937 மீட்டர். நாங்கள் நின்ற இடத்துக்கும் அதன் உச்சிக்கும் நாலு கிலோமீட்டருக்கு மேல் செங்குத்தாக வித்தியாசம். கழுத்து வலிக்கிற மலை. பனிச்சரிவு ஒன்று புகையாகக் கிளம்பி, கொஞ்ச நேரம் கழித்துத்தான் சத்தம் வந்தது.

ஒரு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பாப்பர் (பக்வீட்) மாவு ரொட்டி சாப்பிட்டோம். அந்த வீட்டு அம்மா அதன்மேல் உள்ளூர்த் தேனை ஊற்றினார், சித்தப்பா பருப்புப் பொடியைத் தூவினார். இருவரும் ஒருவர் தட்டை ஒருவர் சந்தேகமாகப் பார்த்துக்கொண்டார்கள். கடைசியில் பொடி டப்பா அந்த அம்மாவின் கைக்குப் போய், கொஞ்சம் குறைந்துதான் திரும்பி வந்தது.

அங்கிருந்து ஙாவல் வரை மலை இடுப்பில் சமமான நடை. இரவு 3660 மீட்டர்.

மனாங், நவம்பர் 6

நேற்று பிராகாவின் பழைய மடத்தைப் பார்த்துவிட்டு இறங்கினோம். மனாங் 3540 மீட்டர், ஙாவலைவிடத் தாழ்வு. உயரத்தில் ஓர் இரவு படுத்துவிட்டுத் தாழ்ந்த இடத்துக்கு வருவதால் மேல் வழியில் வந்தவர்கள் இங்கே தெம்பாக இருக்கிறார்கள். கீழ்ச் சாலையில் ஜீப்பில் நேராக வந்து இறங்கியவர்கள் விடுதிக் கூடத்தில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள்.

இன்று முழு ஓய்வு. ஓய்வென்றால் படுத்துக்கிடப்பது கூடாது; காலையில் 3900 மீட்டரில் இருக்கிற பிராகென் கோம்பா என்கிற புத்த மடம் வரை ஏறிவிட்டு இறங்கினோம். எதிரே கங்கபூர்ணா பனியாறு, அதன் காலடியில் ஏரி.

மூன்று மணிக்கு இமாலய மீட்புச் சங்கத்தின் மருத்துவ நிலையத்தில் வகுப்பு. 1973இல் தொடங்கிய சங்கம். சீசனில் தன்னார்வ மருத்துவர்கள் வந்து தங்கி, உயர நோயைப் பற்றித் தினமும் பாடம் எடுக்கிறார்கள். கணவாய்க்குப் போகிற எல்லோரும் கேட்டே ஆக வேண்டிய வகுப்பு. சாரம் இதுதான்: தலைவலியோடு வாந்தி உணர்வு, சோர்வு, தலைசுற்றல் இதில் எது சேர்ந்தாலும் அது உயர நோய்தான் என்று எடுத்துக்கொள், அதற்குமேல் ஏறாதே. அதே இடத்தில் இருந்து சரியாகிவிட்டால் போகலாம், முற்றினால் உடனே இறங்கு. தள்ளாடி நடந்தாலோ, சும்மா இருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ ராத்திரி என்றும் பார்க்காதே. ஊரிலிருந்து நிறையப் படித்துவிட்டுத்தான் வந்தேன். ஆனால் ஒரு டாக்டர் அதை எதிரே நின்று சொல்லும்போது சித்தப்பா கேட்டுக்கொள்வது வேறு மாதிரி இருக்கிறது.

சித்தியிடமிருந்து செய்தி: "வங்கக் கடலில் தாழ்வுப் பகுதி உருவாகலாமாம். நம்ம கரைப் பக்கம் வருமாம். அங்க எப்படி?" இங்கே வானம் கழுவிவிட்ட மாதிரி இருக்கிறது. தமிழ்நாட்டுக்கு வருகிற மழை இங்கே எங்களுக்குப் பிரச்சினை இல்லை. வடக்கே திரும்பினால்தான் பிரச்சினை. தினமும் இரண்டு வேளை எழுதச் சொல்லியிருக்கிறேன்.

யாக் கர்கா, நவம்பர் 8

நேற்று வந்து சேர்ந்தோம், 4050 மீட்டர். மரங்கள் முடிந்துவிட்டன, புதரும் புல்லும்தான். வழியில் நீல ஆடு என்கிற காட்டு ஆடுகள் கூட்டமாக மேய்ந்தன.

சாயங்காலம் சித்தப்பா சாப்பாட்டைத் தள்ளி வைத்தார். பருப்பும் சோறும் கேட்கக் கேட்கப் போடுகிற ஊரில் இரண்டாம் தடவை கேட்காமல் அவர் எழுந்ததே இல்லை. என்ன என்று கேட்டால் "ஒண்ணுமில்ல கண்ணு, வெய்யில்ல நடந்தது." வழிகாட்டி பூண்டு சூப் கொண்டுவந்து வைத்தார். மலை முழுக்க இதை மருந்தாகக் கொடுக்கிறார்கள், மருந்தோ இல்லையோ, சூடான தண்ணீர் உள்ளே போகிறது. சித்தப்பா ஒரு வாய் குடித்துவிட்டு, "பூண்டு ரசத்துல புளி போட மறந்துட்டாங்க" என்றார். பேசுகிறாரே என்று எனக்குப் பாதி நிம்மதி. படுக்கப் போகும்போதுதான் தலை வலிக்கிறது, குமட்டுகிறது என்று ஒத்துக்கொண்டார்.

அறை பலகைச் சுவர். இரண்டு கம்பளி, அதற்குள் தூக்கப் பை. ராத்திரி ஒரு மணிக்கு எழுப்பி, டார்ச் வெளிச்சத்தில், இரண்டு கட்டிலுக்கும் நடுவில் குதிகாலும் கால் நுனியும் தொட நேர்கோட்டில் நடக்கச் சொன்னேன். திட்டிக்கொண்டே நடந்தார். தள்ளாடவில்லை. பாட்டிலில் தண்ணீர் மேலே ஏடு கட்டினமாதிரி உறைந்திருந்தது. நெஞ்சோடு அணைத்துக் கரைத்துக் குடிக்க வைத்தேன். நாலு மணிக்கு மறுபடி ஒருமுறை நடை.

காலையில் தலைவலி குறைந்திருந்தது, போகவில்லை. "கௌம்பலாம், நாஞ் சமாளிச்சுக்குவேன்" என்றார். மனாங் டாக்டர் என்ன சொன்னார் என்று திருப்பிக் கேட்டேன். பதில் இல்லை. வழிகாட்டியும் நானும் பேசி முடிவெடுத்தோம்: இன்று இங்கேயே. மத்தியானத்துக்குள் சரியாகாவிட்டால் மனாங்குக்கு இறங்கி, அங்கிருந்து ஜீப். அப்படி நடந்தால் இந்தச் சுற்று பாதியில் முடியும். முக்திநாத்துக்கு போக்கரா வழியாக ஜீப்பில் போய்க்கொள்ளலாம். இது ஊரிலேயே எழுதி வைத்த மாற்று வழி, அதனால் சொல்லும்போது குரல் நடுங்கவில்லை. சித்தப்பாவுக்கும் அது தெரியும் என்பதால் சண்டை பிடிக்கவில்லை.

கையிருப்பில் ஒரு நாள் காலி. எங்களோடு வந்து தங்கிய எல்லோரும் காலையிலேயே போய்விட்டார்கள். விடுதி முற்றத்தில் வெயில் காய்ந்துகொண்டு உட்கார்ந்திருந்தோம். பதினோரு மணிக்கு "பசிக்குது" என்றார். மத்தியானம் பருப்பும் சோறும், இரண்டாம் தடவையும் கேட்டார். சாயங்காலம் மெதுவாக 200 மீட்டர் ஏறி இறங்கினோம். தலைவலி இல்லை.

தொரோங் பேடி, நவம்பர் 9

குறைந்த தூரம்தான். லேதர் தாண்டியதும் ஒரு பாலம், அப்புறம் சரிந்து கிடக்கிற சல்லிப் பாறைப் பகுதி. காற்று எழும்பினால் மேலிருந்து கல் உருளும் என்பதால் காலையிலேயே கடந்துவிட வேண்டும். நிற்காமல் நடந்து தாண்டினோம்.

இன்னும் மேலே ஹை கேம்ப் இருக்கிறது, சுமார் 4900 மீட்டரில். அங்கே படுத்தால் நாளை ஏற்றம் பாதியாகக் குறையும். ஆசைதான். ஆனால் யாக் கர்காவிலிருந்து ஒரே தாவலாக 850 மீட்டர் ஏறிப் படுப்பது, அதுவும் முந்தாநாள் தலைவலி வந்தவரோடு! 4450 மீட்டரிலேயே படுக்கிறோம், பதிலுக்கு நாளை இருட்டில் கிளம்புகிறோம். இந்த உயரத்தில் தண்ணீர் 85 டிகிரிச் சூட்டிலேயே கொதித்துவிடும், குக்கர் இல்லாமல் அரிசி வேகாது. சமையலறையில் விசில் சத்தம் கேட்டதும் சித்தப்பா முகத்தில் நம் வீட்டுக் களை.

சித்தி: "இன்னும் தாழ்வுப் பகுதிதான். நம்ம பக்கந்தான் வருதாம்."

முக்திநாத், நவம்பர் 10

காலை நாலு மணிக்குக் கிளம்பினோம். நெற்றி விளக்கு வெளிச்சத்தில் முன்னால் போகிறவரின் குதிகால் மட்டும் தெரியும். பேடியிலிருந்து ஹை கேம்ப் வரைதான் செங்குத்து. இன்றைய ஏற்றத்தில் கடினமான பகுதி அதுதான், கணவாய் இல்லை. குளிர் பூஜ்யத்துக்குப் பத்து டிகிரி கீழே. பாட்டிலைத் தலைகீழாகப் பையில் வைத்திருந்தேன்: உறைவது மேல்பக்கத்திலிருந்துதான், மூடிப் பக்கம் தண்ணீராகவே இருக்கும்.

விடிந்ததும் தெரிந்தது கல்லும் பனியுமாக அலையலையான மேடுகள். ஒவ்வொரு மேடும் இதுதான் உச்சி என்று ஏமாற்றும். காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் பாதிதான். பத்து அடி நடந்து, கோலில் சாய்ந்து, மறுபடி பத்து அடி. சித்தப்பா எண்ணிக்கொண்டு நடக்கிறார் என்று நினைத்தேன். பக்கத்தில் போனபோதுதான் கேட்டது, திருமங்கையாழ்வாரின் சாளக்கிராமப் பாசுரம். அடிக்கு ஒரு சொல். பத்துப் பாட்டும் முடிந்தால் முதலிலிருந்து.

எட்டரை மணிக்குக் கொடிகள் தெரிந்தன. 5416 மீட்டர் என்று எழுதிய பலகை, அதைச் சுற்றிப் பிரார்த்தனைக் கொடிகளின் குவியல், ஒட்டினாற்போல் ஒரு டீக்கடை! டீ விலை கீழே இருப்பதைப்போல் பல மடங்கு. அதைச் சுமந்து ஏற்றியவர் முதுகை நினைத்தால் பேரம் பேசத் தோன்றாது. படம் எடுத்தோம், குடித்தோம், இருபது நிமிடத்தில் இறங்கத் தொடங்கினோம். ஒன்பது, பத்து மணிக்கு மேல் இங்கே காற்று ஆளைத் தள்ளும்.

ஏற்றத்தைப் பற்றி எல்லோரும் எழுதுகிறார்கள். இறக்கத்தைப் பற்றி ஒருவரும் சொல்லவில்லை. 1600 மீட்டர் இறக்கம், சல்லிக் கல், நடுவில் பனி இறுகிய இடங்கள். முட்டி நடுங்கும், கால் பெருவிரல் காலணியின் நுனியில் இடித்துக்கொண்டே இருக்கும். கிளம்பும் முன் நகம் வெட்டுங்கள், இறங்கும் முன் கயிற்றை இறுக்கிக் கட்டுங்கள். கோல் இரண்டு வேண்டும், ஒன்று போதாது. மூன்று மணிக்குக் கோயில் மதில் தெரிந்தது. சித்தப்பா அப்படியே உள்ளே போகப் பார்த்தார். குளித்துவிட்டுக் காலையில் போகலாம் என்று விடுதிகள் இருக்கிற ராணிபௌவாவுக்குக் கூட்டி வந்தேன்.

முக்திநாத், நவம்பர் 11

கோயில் சின்னது, மூன்று அடுக்குக் கூரை. பின்னால் அரைவட்டச் சுவரில் 108 நீர்த்தாரைகள். பனி உருகிய தண்ணீர். அத்தனைக்கும் கீழே தலையைக் கொடுத்துக்கொண்டே ஓட வேண்டும், முடிவில் முன்னால் இருக்கிற இரண்டு குளங்களிலும் முங்க வேண்டும். இருபதாவது தாரைக்குமேல் எனக்கு மண்டை மரத்துவிட்டது. சித்தப்பா ஓடவில்லை. நிதானமாக நின்று நின்று போனார். துண்டோடு நான்தான் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன்.

கருவறையில் புத்த பிக்குணிகள் பூஜைக்கு உதவுகிறார்கள். இது அவர்களுக்கும் புனிதமான இடம். கொஞ்சம் தள்ளி ஜ்வாலா மாயி சன்னதி, தண்ணீர் ஓடுகிற பாறைக்குள் இயற்கை எரிவாயுவில் ஒரு சிறு நீலச் சுடர். கம்பிக்குப் பின்னால் குனிந்து பார்க்க வேண்டும்.

மதுரையிலிருந்து வந்த குழு ஒன்று எங்கள் பேச்சைக் கேட்டுத் திரும்பியது. "எந்த ஃபிளைட்டுல வந்தீங்க?" சித்தப்பா கணவாய்ப் பக்கம் கையைக் காட்டினார். அந்தக் குழுவில் ஒரு பெரியம்மா, "அட பாவி, அந்தப் பனிக்குள்ளயா" என்று சொல்லிவிட்டு, கைப்பையிலிருந்து எலுமிச்சைச் சாதப் பொட்டலம் ஒன்றை எடுத்து அவர் கையில் வைத்தார். பேசி முடிக்குமுன் பொட்டலம் காலி.

ஜோம்சோம், நவம்பர் 12

கையிருப்பில் இன்னும் ஒரு நாள் இருந்ததால் ஜீப்பை விட்டுவிட்டு லுப்ரா கிராமம் வழியாக நடந்து இறங்கினோம். சாலையே இல்லாத வழி, முகட்டிலிருந்து தவுலகிரி, 8167 மீட்டர். கீழே காளி கண்டகிப் படுகைக்கு வந்தபோது மணி பன்னிரண்டு. இங்கே பதினோரு மணிக்குமேல் தெற்கிலிருந்து காற்று கிளம்பும். ஜோம்சோமுக்கு நடந்தால் நேர் முகத்தில். விமானங்கள் காலையில் மட்டும் பறப்பதும் இதனால்தான். வாய்க்குள் மணல், கண்ணுக்குள் மணல். அதிலும் சித்தப்பா குனிந்து கறுப்புக் கல்லைப் புரட்டிக்கொண்டே வந்தார். சாளக்கிராமம் என்பது இமயமலை எழும்புவதற்கு முன்பு இங்கே இருந்த கடலில் வாழ்ந்த நத்தை மாதிரியான உயிரின் கல்லான ஓடு. சுருள் தெரிகிற கல் ஒன்றும் கிடைக்கவில்லை. அவர் எடுத்ததெல்லாம் வெறும் கூழாங்கல் என்று வழிகாட்டி சிரிக்காமல் சொன்னார்.

காலையில் பறக்கிற விமானத்துக்கு இடம் இருக்கிறது. ஆனால் மேகம் வந்தால் அதுவும் ரத்து, காத்திருக்க நம்மிடம் நாள் இல்லை. பேனி வழியாக போக்கராவுக்குப் பஸ், ஒரு முழுப் பகல். ஏழு மணிக்குக் கிளம்புகிறது, டிக்கெட் எடுத்தாயிற்று. முட்டி மடக்க முடியவில்லை என்பதால் முன் சீட்டு சித்தப்பாவுக்கு. புழுதிக்கு இரண்டு முகமூடி வாங்கியிருக்கிறேன்.